தகர டப்பாவில் உறங்கிய புகையிலை

மாதுங்காவிலும் செம்பூரிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு ஆனி பிறந்தால் ஒரு கவலையும் உடன் பிறக்கும். உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அப்பளம் துவண்டுவிடும். ஊரிலிருந்து பக்குவமாக இடித்துக் கொணர்ந்த பருப்புப்பொடி கட்டி தட்டிப் போகும். ஜூலை மாதத்தில் இந்நகரத்துக் காற்றின் ஈரம் நூற்றுக்கு 80-க்கும் மேலே நிற்பது வழக்கம். தில்லியில் வாழும் தமிழருக்கோ இதற்கு நேர்மாறான தொல்லை. அங்கே சித்திரை வைகாசியில் வெற்றிலை ஒரு பகலுக்குள் சருகாகிவிடுகிறது. அயலூரில் குடியேறியவன் எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், பண்டத்தைக் காற்றுக்கு ஒளித்து வைக்கும் வித்தையைக் கற்றே தீரவேண்டும்.

இந்த வித்தையின் வரலாற்றில் புகையிலைக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஏனைய பண்டங்களைக் கெடாமல் இருப்பதற்காக அடைத்து வைக்கிறோம். புகையிலையை மாறுவதற்காக அடைத்து வைத்தார்கள். சுங்கானில் இட்டுப் புகைக்கும் தூளைத் தகர டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து, ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து, பிறகு திறந்து அதன் மணத்தைப் புகழ்வோர் இன்றும் உலகின் பல பாகங்களில் இருக்கிறார்கள். சிலர் டப்பாவின் அடியில் வாங்கிய தேதியைக் குறித்து வைப்பார்களாம். திராட்சை மதுவுக்கு ஆண்டு சொல்வதுபோல் இவர்கள் புகையிலைக்கு ஆண்டு சொல்வார்கள்.

இதனை ஆராய நமக்கு நேர்ந்த காரணம் ஒரு டப்பா. 2019-ஆம் ஆண்டு, மாதுங்காவில் நம் குடும்பம் மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருந்த கட்டடம் இடிபட வேண்டியதாயிற்று. பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கியபோது, பழம்புடவை ஒன்றின் மடிப்புக்குள் வட்டமான தகர டப்பா ஒன்று இருந்தது. அதன் மூடி அதுவரையில் திறக்கப்படவே இல்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம். முதலில் அந்த டப்பா எந்த வழியாக நம் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்போம். அந்த வழி நீண்டது.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. 1492-இல் கொலம்பஸ் கரையேறிய நிலப்பரப்பே அதன் தாயகம். போர்த்துக்கீசியர் அதனை மேலைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். பம்பாய்த் தீவுகள் 1534 முதல் அவர்கள் வசம் இருந்தவை என்பதும், 1661-இல் அவர்கள் இளவரசியின் திருமண ஒப்பந்தத்தில் ஆங்கில மன்னருக்குச் சீதனமாயின என்பதும் நேயர்கள் அறிந்ததே. கரையில் இறங்கிய இலை தக்காணத்தின் உள்ளே வெகு விரைவில் பரவிற்று. அக்பர் பாதுஷாவின் தூதரான அஸத் பேக் என்பவர் 1604-ஐ ஒட்டிய காலத்தில் பீஜப்பூருக்குச் சென்று திரும்பும்போது, புகையிலையையும் மணிகள் இழைத்த அழகிய சுங்கான் ஒன்றையும் கொண்டுவந்து பாதுஷாவின் முன் வைத்தார். அரண்மனை வைத்தியர் தடுத்தார். பாதுஷா அதையும் மீறி இரண்டொரு முறை இழுத்துப் பார்த்தார் என்று அஸத் பேக்கே எழுதி வைத்திருக்கிறார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகையிலைக்குத் தடை விதித்தார். தடைக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை அதன் பிறகு வந்த நானூறு ஆண்டுகளே சொல்லும்.

தமிழ்நாட்டிலும் இலை வந்த வேகம் வியப்புக்குரியது. வந்து இருநூறு ஆண்டுகள் நிரம்புமுன்பே, சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் பழனி முருகனிடம் புகையிலையைத் தூதாக அனுப்பி ஒரு பிரபந்தமே பாடிவிட்டார். புகையிலை விடு தூது என்பது அதன் பெயர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனை ஆராய்ந்து பதிப்பித்தார். அதில் ஒரு கதை வருகிறது. மும்மூர்த்திகளும் ஆளுக்கோர் இலையைப் பெற்றார்களாம். சிவபெருமானின் வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போயிற்று. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டு போயிற்று. நான்முகனின் இலை மட்டும் போகவில்லை. ஆகவே அது ‘போகையிலை’ ஆயிற்று. சொல்லாராய்ச்சி என்ற வகையில் இதை ஏற்க இயலாது. ஆனால் அயல்நாட்டுச் செடி ஒன்றைத் தமிழர் எவ்வளவு விரைவில் தம் புராணத்துக்குள் குடியேற்றிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, அடைத்து வைக்கும் பேச்சுக்கு வருவோம். தகரம் வருமுன்னரே நம்மவர் புகையிலையைப் பக்குவப்படுத்தி வைத்தார்கள். அத்தொழிலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பாடம் செய்தல்’. அலுவலகத்தில் அன்றாடம் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கிப் பிழைக்கும் நமக்கு இந்தச் சொல்லின்மேல் ஒரு பொறாமையே உண்டு. இலையை முதிரவிடுவது, பதப்படுத்துவது, கெடாது வைப்பது ஆகிய மூன்றையும் மேலை மொழிகள் மூன்று சொற்களால் குறிக்கும். கிராமத்து வியாபாரி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

வேதாரணியத்துப் பக்கம் இதைப் பார்க்கலாம். கடற்காற்று வீசும் மணற்பாங்கான நிலத்தில் விளைந்த இலையை வெயிலில் உலர்த்துவார்கள். பின்பு அடுக்கடுக்காகக் குவித்து மூடி வைப்பார்கள். குவியலுக்குள்ளே தானாகவே சூடு பிறக்கும். சூடு மிகுந்தால் இலை கருகிப்போகும்; குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, நாள் பார்த்துப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளிலுமாக மாற்றி அடுக்குவார்கள். வாய்ப் புகையிலையாயின் கருப்பட்டி நீரும் தெளிப்பதுண்டு. சில வாரங்களில் பச்சை வாடையும் மூக்கைத் துளைக்கும் நெடியும் நீங்கி, இலை கருஞ்சிவப்பாகிக் கனிந்துவிடும். பின்னர் சிப்பம் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் மற்றொரு முறை: தென்னை மட்டை, பொச்சு இவற்றின் புகையில் இலையை வாட்டுவார்கள். யாழ்ப்பாணத்து இலை கடல் கடந்து திருவாங்கூருக்கு ஏராளமாக வந்து, அந்தச் சமஸ்தானத்துக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்தது.

வடநாட்டில் ஹூக்காவுக்கு உரிய குடாக்கை வெல்லப்பாகும் பழமும் வாசனைச் சரக்குகளும் சேர்த்துப் பிசைந்து, மண்பானையில் இட்டு வாய் கட்டிப் பலநாள் புளிக்க விட்டார்கள். சென்னைப் பட்டணத்து மூக்குப்பொடிக்கோ வாழைமட்டையே பெட்டி. உலர்ந்த வாழைமட்டையை நறுக்கி மடித்துக் கட்டிய பொடிமட்டையை நம் நேயர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மட்டையின் உள்ளறைகள் பொடியின் ஈரத்தைச் சிறிது சிறிதாக வாங்கிச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கும். எந்த விஞ்ஞானியும் சொல்லிக் கொடுத்து வந்த ஏற்பாடு அன்று அது. திறந்தால் மூன்று நாளில் காரம் போய்விடும் என்று கண்டவர்கள், சிறிய மட்டையாகவே கட்டி விற்றார்கள்.

சுருட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல் நம் ‘சுருட்டு’தான். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றிய சுருட்டுகள் கப்பலேறின. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியார் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தினர். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நவீனத்தில், துப்பறிபவர் கொலை நடந்த அறையில் சிந்திக் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். லண்டன் மாநகரில் ஒரு சாம்பலைப் பார்த்து ஊர் சொல்லும் அளவுக்கு நம் காவிரிக்கரைச் சரக்கு பெயர் பெற்றிருந்தது. கொலையாளியின் மூலமாகப் பெற்ற பெருமை என்று யாரேனும் குறை சொன்னால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

தகரத்தின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. பிரெஞ்சு நாட்டவரான நிகோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துச் சூடேற்றினால் கெடாது என்று காட்டி 1810-இல் தம் அரசாங்கத்தினிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட், புட்டிக்குப் பதிலாகத் தகரப் பாத்திரத்துக்கு உரிமம் பெற்றார். இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியதே தகரம். பூச்சு இருக்கும்வரை துரு அணுகாது. வேடிக்கை என்னவென்றால், டப்பா பிறந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான காலம் கழித்தே அதைத் திறக்கும் கருவி பிறந்தது. அதுவரை உளியும் சுத்தியலுமே துணை.

புகையிலைக் கம்பெனிகள் இத்தகரத்தைக் கைப்பற்றியதற்கு முக்கியமான காரணம், வெப்ப நாடுகளுக்குச் செல்லும் கப்பல்கள். வில்லைத்தாளில் சுற்றிய சரக்கு சூயஸ் தாண்டுமுன் உலர்ந்துவிடும். பம்பாய்த் துறையில் இறங்கியதும் பூத்துவிடும். ஆகவே காற்று புகாமல் மூடி இறுக்கிய வட்டச் செப்புகள் வந்தன. ஐம்பது சிகரெட்டு கொண்ட டப்பாவின் மூடியிலேயே ஒரு சிறு கத்திமுனை இருக்கும். அழுத்திச் சுற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அறுபடும். சுங்கான் தூள் வரும் தட்டை டப்பாவுக்கு வேறு வகை. காற்றை உறிஞ்சி எடுத்து மூடியிருப்பார்கள். மூடியின் விளிம்பில் ஒரு நாணயத்தை நுழைத்துத் திருப்பினால் ‘உஸ்’ என்று மூச்சு வாங்கித் திறந்துகொள்ளும். லண்டனில் ஆல்பிரட் டன்ஹில் 1907-இல் கடை திறந்து, வாடிக்கைக்காரர் ஒவ்வொருவர் ருசிக்கும் ஏற்பத் தனிக் கலவை செய்து தந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ‘பிரின்ஸ் ஆல்பர்ட்’ என்னும் பெயரில் ஒரு சுங்கான் புகையிலை வெளிவந்தது. அந்த இளவரசர் யார் என்றால், பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னரானவர். 1875-இல் அவர் பம்பாயில் வந்து இறங்கியதன் நினைவாக ஸர் ஆல்பர்ட் சாசூன் நிறுவிய கருங்குதிரைச் சிலைதான் ‘காலா கோடா’ என்று அந்தப் பகுதிக்கே பெயராயிற்று. 1965-இல் சிலை பைகுல்லாத் தோட்டத்துக்குப் போய்விட்டது; பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தியாவில் 1910-இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி இத்தகைய டப்பாக்களை ஊர் ஊராகப் பரப்பிற்று. குண்டூர்ச் சீமையில் 1920-ஐ ஒட்டி வர்ஜீனியா இலை பயிராகத் தொடங்கியது. அனல்காற்றில் பொன்னிறமாக வாட்டிய இவ்விலையில் சர்க்கரை மிகுதி. டப்பாவுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு இந்தச் சர்க்கரையே மூலதனம்.

என்ன நடக்கிறது அந்த இருட்டுக்குள்? நம் வீட்டுப் புளிப்பானையே இதற்கு நல்ல விளக்கம். புதுப்புளி செந்நிறமாக இருக்கும். உப்பிட்டு அமுக்கி ஓராண்டு வைத்தால் கறுத்துக் குழைந்து, வேறொரு மணத்தைப் பெறும். சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சேர்ந்து மெல்ல மெல்லப் பழுப்பேறும் இச்செயலை 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். வாணலியில் சில நிமிடத்தில் வெங்காயம் சிவப்பதும், டப்பாவில் ஐந்தாண்டில் இலை கறுப்பதும் இனத்தால் ஒன்றே. தொடக்கத்தில் உள்ளே அகப்பட்ட சிறிது காற்றில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். அந்தக் காற்று தீர்ந்ததும் மற்ற மாற்றங்கள் ஆமை வேகத்தில் தொடரும். கூர்மையான ருசி மழுங்கி, உலர்ந்த திராட்சையை ஒத்த வாசனை எழும். எல்லா இலையும் இவ்வாறு தேறுவதில்லை. சைப்ரஸிலும் சிரியாவிலும் புகையூட்டிச் செய்யும் லட்டாக்கியா நாளாக ஆகத் தன் புகைமணத்தை இழக்கும். வாசனைத் திரவியம் பூசிய மலிவுச் சரக்கில் பூச்சு ஓடிப்போன பின் எஞ்சுவது சாரமற்ற சக்கைதான். அமெரிக்காவில் லூசியானா மாகாணத்து பெரிக் என்னும் இலையை ஓக் மரப் பீப்பாயில் இட்டு, திருகாணியால் நெருக்கிக் குறைந்தது ஓராண்டு புளிக்க வைக்கிறார்கள். நடுநடுவே பிரித்து மறுபடியும் நெருக்குகிறார்கள். வேதாரணியத்துக் குவியலுக்கு அது தூரத்து உறவினன் என்றே நமக்குத் தோன்றுகிறது.

காப்பவர் கைக்கொண்ட விதிகள் சிலவே. ஆவலால் திறந்து பார்க்கக் கூடாது. ஒருமுறை காற்றுப் பட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வெயிலும் வெப்பமும் ஆகா. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம். பூத்ததை எறிவதன்றி வழியில்லை. எல்லாவற்றிலும் கொடிய பகை துரு. வெள்ளீயப் பூச்சில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் கடற்கரைக் காற்று அங்கே புகுந்து இரும்பைத் தின்றுவிடும். வெளியே வர்ணம் பளபளக்க, அடியில் துளை விழுந்திருக்கும். ஆதலால் பம்பாய் போன்ற துறைமுகத்தில் டப்பாவை நம்பியவர்களைவிடக் கண்ணாடிச் சாடியை நம்பியவர்களே பிழைத்தார்கள்.

சர்க்காருக்கும் இக்கிடங்குகளில் அக்கறை இருந்தது. 1943-இல் புகையிலைமீது கலால் வரி வந்தது. வரி கட்டாத இலை பூட்டிய கிடங்கில் இருக்கவேண்டும். இருக்க இருக்க இலை உலர்ந்து எடை குறையும். குறைந்தது காற்றிலே போயிற்றா, பின்வாசல் வழியே போயிற்றா என்பது அதிகாரிகளின் தீராத தலைவேதனை.

இதுவரை மணத்தைப் பற்றியே பேசினோம். மணத்தோடு வேறொன்றும் முதிர்கிறது என்பதை நம் முன்னோர் அறிந்திலர். இலை வாடும்போதும் புளிக்கும்போதும் கிடங்கில் கிடக்கும்போதும் நைட்ரோசமைன் என்னும் நச்சுப் பொருள்கள் அதில் பிறக்கின்றன. ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் பெருகுகின்றன. அவற்றுள் இரண்டை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்றே வகுத்திருக்கிறது. பாடம் செய்த கை நச்சையும் சேர்த்தே பாடம் செய்தது.

இவ்வுண்மை வெளிப்பட்டதில் தமிழ் நிலத்துக்கும் பம்பாய்க்கும் பெரும் பங்கு உண்டு. அந்நாளில் திருவாங்கூரைச் சேர்ந்ததும், 1956-க்குப் பின் தமிழ்நாட்டைச் சேர்ந்ததுமான நெய்யூரிலிருந்து, ஆர் என்ற மருத்துவர் வெற்றிலை புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று பற்றி 1933-இல் ‘லான்ஸெட்’ என்னும் மருத்துவ இதழில் எழுதினார். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை டாலும் ஹில்லும் இங்கிலாந்தில் நிறுவியது 1950-இல். நெய்யூர்க் கட்டுரை அதற்குப் பதினேழு ஆண்டு முந்தியது. பம்பாயில் பரேல் பகுதியில் 1941 பிப்ரவரி 28-இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே டாக்டர் கானோல்கர் இந்தியரின் வாய்ப்புற்றை ஆராய்வதில் முன்னின்றார். சுங்கான் பிடிப்பவர் புகையை உள்ளிழுப்பது குறைவு. ஆகவே தீங்கில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நுரையீரல் ஓரளவு தப்பினாலும் உதடும் நாவும் தொண்டையும் தப்புவதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுப் பெட்டியின்மேல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கிற்று. 2003-இல் விரிவான சட்டம் வந்தது. 2009 மே 31 முதல் எச்சரிக்கை படமாயிற்று. 2016 ஏப்ரல் முதல் பெட்டி முகத்தில் நூற்றுக்கு 85 பங்கை அது பிடித்துக்கொண்டது. மாலுமியும் இளவரசரும் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது புண்பட்ட வாய் இருக்கிறது. எச்சரிக்கை என்பது எழுத்தில் இருந்தவரை எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு அதில் வேலை இருந்தது. படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பரணில் கிடைத்த டப்பாவுக்கு வருவோம். நம் பாட்டனார் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து 1938-இல் பம்பாய் வந்தவர். அந்நாளில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற தஞ்சை ஜில்லா இளைஞர்களுக்குக் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் இடம் இருந்தது. பிளேக்கு நோய்க்குப் பின் 1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்டு வகுத்த மாதுங்கா வீதிகளில் வாடகைக்கு வீடும் இருந்தது. 1932-இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளியும் கண்டிருந்தது. பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சுருக்கெழுத்தாளராக ஒன்பது ஆண்டு அவர் பணிபுரிந்தார். துரை சுங்கான் பிடிப்பவர். தீர்ந்த டப்பாக்களைப் பாட்டனார் வீட்டுக்கு எடுத்து வருவார். பாட்டியார் அவற்றில் பெருங்காயமும் கடுகும் போட்டு வைப்பார். 1947-இல் துரை கப்பலேறும்போது, திறவாத டப்பா ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். பாட்டனாருக்குச் சுங்கான் பழக்கம் இல்லை. அவர் வெற்றிலை போடுபவர். வேதாரணியத்துப் புகையிலை ஊரிலிருந்து சிப்பமாக வரும். துரை தந்த டப்பாவை மரியாதைப் பொருளாக வைத்தாரேயன்றித் திறக்கவில்லை.

1968-இல் அவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு தடிப்புக் கண்டது. பிறகு புண். பின்னர் அறுவைச் சிகிச்சை. உயிர் மூன்றாண்டு நீடித்தது, பேச்சு நீடிக்கவில்லை. வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். முப்பதாண்டுப் பழக்கத்தால் அவசரத்தில் கை சுருக்கெழுத்தாகவே எழுதிவிடும். ஒலியை ஒட்டிய கோடுகள் அவை. தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சுருக்கெழுத்துக் கோட்டில் எழுதினால் வீட்டில் யார் படிப்பார்? பாட்டியார் கோட்டைப் பார்ப்பார், அவர் முகத்தைப் பார்ப்பார். மோரா, வெந்நீரா, விசிறியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சீட்டுகளை மட்டும் எறியவில்லை. பெருங்காய டப்பா ஒன்றைக் காலி செய்து அதில் போட்டு வைத்தார். வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியும் அந்த ஆண்டே வீட்டைவிட்டுப் போயின. திறவாத டப்பா போகாததற்குக் காரணம், அதனுள் இருப்பது பிஸ்கோத்து என்று அவர் நினைத்திருந்ததுதான்.

டப்பாவைச் சமையலறை மேசையில் வைத்து, விளிம்பில் ஐந்து ரூபாய் நாணயத்தை நுழைத்துத் திருப்பினோம். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தபோது அடித்தகட்டின் ஓரத்தில் கடுகளவு துரு. அதன் நடுவே துளை. உள்ளே வட்டத் தாளின்கீழ் இருந்தது காப்பிச் சக்கை நிறத்தில் ஒரு தூள். விரல் பட்டதும் நொறுங்கிற்று. பழைய தாளின் வாடைதான் வந்தது. திராட்சையும் இல்லை, புகையும் இல்லை. 72 ஆண்டு அது அங்கே இருந்ததில், எந்த மழைக்காலத்தில் துளை விழுந்ததோ!

தூளைக் குப்பையில் கொட்டினோம். டப்பாவைப் பங்கார்க்காரர் மற்றச் சாமான்களோடு தாராவிக்கு எடுத்துப் போனார். எண்ணெய் டப்பாக்களைக் கொதிநீரில் கழுவி நெளிவெடுத்து மறுபடி சந்தைக்கு அனுப்பும் பதின்மூன்றாம் காம்பவுண்டு அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு துருப்பிடித்தது அதற்கும் உதவாது. உருக்கத்தான் போகும் என்றார்.

பெருங்காய டப்பாவின் மூடி என்றுமே சரியாகப் பொருந்தியதில்லை. அதில் இருந்த சீட்டுகள் பதின்மூன்றும் மஞ்சளேறினவேயன்றிக் கெடவில்லை. செம்பூரில் நம் புதிய வீட்டுக்கு அருகில், சுருக்கெழுத்துப் பணியில் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியை மாற்றி மாற்றி அணிந்து, உதட்டால் ஒலித்துப் பார்த்து, இரண்டை மட்டும் படித்தார். ஒன்றில் ‘ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்கிறது’ என்றிருந்தது. மற்றொன்றில் ‘துளி புகையிலை இருந்தால் கொடு’ என்றிருந்தது. மூன்றாவதைப் பாதி படித்து, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று வைத்துவிட்டார். மீதியை மழை விட்ட பிறகு, வெளிச்சம் நன்றாக உள்ள ஒரு நாளில் பார்க்கலாம் என்றார்.